ஏழாம் படுக்கையின் கை

அத்தியாயம் 3

மனித முகத்தில் ஒளித்து வைக்கக்கூடிய ரகசியம் என்று ஒன்று இந்தப் பூமியில் இதுவரை உண்டாகவில்லை. ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, அதை மெஷினில் ஊற்றி உண்மையைத் தேடுகிறவன் முகம் பார்க்கத் தெரியாத குறையால்தான் அப்படிச் செய்கிறான். அவன்மேல் கோபப்படக் கூடாது. பரிதாபப்பட வேண்டும்.

இந்தக் கொள்கையைத் துப்பறிவாளர் எலார்ட் சிசேங்கா, முலாஞ்சே கடைவீதியில் முடிவெட்டும் கடைக்குப் பின்னால் இருந்த தன் அலுவலகச் சுவரில் பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். கீழே இடம் மிச்சமிருந்ததால், காணாமல் போன ஆடுகளும் கண்டுபிடித்துத் தரப்படும் என்று சேர்த்திருந்தார்.

அன்று காலை அந்தக் கொள்கை ஒரு சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து நமிகோண்டே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மிதித்தவள் மயாமிகோ. அவருடைய உதவியாளர் ஆவதற்கு முன்பு இதே சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைத்தவள். இப்போதும் அதைத்தான் செய்கிறாள் என்பது அவளுடைய வாதம்.

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டே வர்றீங்களே முதலாளி, கீழ விழுந்துடும்னு பயமா?"

"நேத்து துவரை கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"முந்தாநாளும் துவரைன்னுதான் சொன்னீங்க."

"அந்தத் துவரையோட மிச்சம்தான் நேத்து."

"எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம். ஒரு சொட்டு ரத்தம் குடுத்துப் பார்த்தா என்ன?"

"நம்ம சுவத்துல என்ன எழுதியிருக்கு, மயாமிகோ?"

"ஆடு பிடிச்சுத் தரப்படும்னு."

எலார்ட் தொப்பியை அழுத்திக்கொண்டார். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு குழியிலும் அவர் வயிற்றின் வலது பக்கம் பதில் சொல்லிக்கொண்டு வந்தது.

தலைமை நர்ஸ் ஃபலேசி அவர்களை மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். உயரமான பெண்மணி. தன் பேச்சை யாரும் குறுக்கே வெட்டிப் பழக்கமில்லாத குரல்.

"ஏழாம் படுக்கையில எஸ்னாத்னு ஒரு பொண்ணு. ரோட்டோரம் அன்னாசி விக்கிறவ. டைபாய்டுல குடல் ஓட்டையாகி வந்தா. டாக்டர் கலுவா வயித்தைத் திறந்து, சீழைக் கழுவி, ஓட்டையைத் தைச்சு மூடினார். அதுக்கப்புறம் தினமும் காலையில ரத்தம் பார்க்கறோம். புது மெஷின் வந்திருக்கு. ரத்தத்துல புரோகால்சிடோனின்னு ஒண்ணு இருக்கு..."

"பேரைக் கேட்டாலே காய்ச்சல் வருதே," என்றாள் மயாமிகோ.

ஃபலேசி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "வயித்துல இருக்கற கிருமி ரத்தத்துல எறங்கிட்டா அது ஏறும். எவ்வளவு ஏறுதோ அவ்வளவு ஆபத்து. இறங்கினா ஆள் தேறுதுன்னு அர்த்தம். உள்ள மறுபடி சீழ் கட்டியிருக்கா, திரும்பத் திறக்கணுமா, எல்லாத்தையும் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு பண்றார்."

"எண் என்ன சொல்லுது?"

"எஸ்னாத் நல்லா இருக்கான்னு சொல்லுது. என்னைவிட நல்லா இருக்காளாம்."

"எஸ்னாத் என்ன சொல்றா?"

"அவ நேத்து சாயங்காலத்தோட பேச்சை நிறுத்திட்டா."

அலமாரிக்குள் ஏதோ ஒரு பாட்டில் தானாகக் கிணுகிணுத்தது.

"வயித்தைக் கிழிச்சுத் தைச்சா, எந்தக் கோளாறும் இல்லாட்டிக்கூட அந்த எண் சில நாளைக்குக் கொஞ்சம் ஏறித்தான் நிக்கும். இவளுக்கு ஏறவே இல்ல. கத்தி பட்ட உடம்பு மாதிரியே தெரியல. டாக்டர்கிட்ட இன்னொரு தடவை பார்க்கலாம்னேன். மெஷின்ல வைக்கிற சோதனைப் பட்டை கொஞ்சம்தான் மிச்சம், உங்க கண்ணைவிட மெஷினுக்குக் கண்ணு கூர்மைம்மா அப்படின்னார். மதியச் சாப்பாடு முடிஞ்சதும் பிளான்டயருக்குக் கிளம்பறார். பெரிய டாக்டருங்க கூட்டத்துல இந்த எண்ணைத்தான் காட்டிப் பேசப் போறாராம். அவர் போயிட்டா திங்கக்கிழமை வரைக்கும் இங்க கத்தி பிடிக்க ஆள் கிடையாது. திங்கக்கிழமை வரைக்கும் எஸ்னாத்தும் கிடையாது."

"ஆக, எண் பொய்."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரோ ஒரு ஆள்தான் சொல்லுது. வண்டி கிளம்பறதுக்குள்ள அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

எலார்ட் எழுந்து தொப்பியைச் சரி செய்தார். "முகங்களைக் காட்டுங்கம்மா. அது போதும்."

ஏழாம் படுக்கையில் எஸ்னாத் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வலது கை போர்வைமேல் கிடந்தது, கீறல் ஒன்றும் இல்லாமல், வழுவழுவென்று. அதில் உட்கார்ந்த ஈயை மயாமிகோ விரட்டினாள். ஈ திரும்ப வந்தது. மறுபடி விரட்டினாள். அந்தக் கை அசையவேயில்லை.

பக்கத்தில் முக்காலியில் அவளுடைய அண்ணன் மெட்சன். எஸ்னாத்துக்குக் கணவன் இல்லாமல் இல்லை. அவன் மாப்பிள்ளைக்குரிய அடக்கத்தோடு வெளியே மரத்தடியில் நின்றான். அந்தப் பக்கத்து முறையில் தங்கையின் கல்யாணமோ, வழக்கோ, நோயோ, முன்னால் நிற்க வேண்டியவன் கூடப் பிறந்தவன்தான். மெட்சன் நன்றாகவே முன்னால் நின்றான். மழைக்கு முந்தைய அந்தப் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டைப் பொத்தான் போட்டு, மணிக்கட்டு வரை இறக்கி விட்டிருந்தான்.

"கோட்டு எதுக்கு தம்பி? அடுப்பு மாதிரி இருக்கு இன்னிக்கி," என்றார் எலார்ட்.

"பெரிய மனுஷங்க முன்னாடி நிக்கணுமேய்யா. ஊர்த் தலைவர்கிட்ட வழக்குக்குப் போறப்பவும் இதைத்தான் போடுவேன்."

"தினமும் ரத்தம் எடுக்க யார் கூட்டிட்டுப் போறா?"

"நான்தாங்க. சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டு. இங்க நர்ஸம்மாவுக்கு நேரமில்லயே."

எலார்ட் அவன் முகத்தைத் தன் முறைப்படி ஆராய்ந்தார். முதலில் நெற்றி, பிறகு கண், கடைசியில் உதடு. வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார். "துக்கம். கலப்படமே இல்லாத துக்கம். இவனை விட்டுடு."

டாக்டர் கலுவாவுக்குப் பயணப்பை தயாராக இருந்தது. கேட்பதற்கு முன்பே போனை நீட்டினார். ஏழாம் படுக்கையின் எண்களை மெஷின் திரையோடு சேர்த்துப் படம் பிடித்து வைத்திருந்தார், குழந்தையின் முதல் பல்லைப் படம் பிடிக்கிற மாதிரி.

"பாருங்க. சைபர் புள்ளி சைபர் அஞ்சு! தெற்கு மாகாணத்துல இவ்வளவு சுத்தமா ஒரு வயித்தை யாரும் தைச்சதில்ல."

"அந்தப் பொண்ணு மூச்சு வாங்குறாளே டாக்டர்," என்றாள் மயாமிகோ.

"மலேரியாவா இருக்கும். மாத்திரை எழுதியிருக்கேன்."

வராண்டாவில் எலார்ட், "பெருமை," என்றார். "குற்றம் இல்ல."

"அப்ப பெருமைக்கு ஜெயில் இல்லைங்கறீங்க. நல்ல வேளை, தப்பிச்சோம்."

லேப் என்பது ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடம். ஜன்னல் இருந்த இடத்தில் தடித்த பலகை அடித்து, நடுவில் ஒரு கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. கதவைத் தட்டிய பிறகு உள்ளே எதையோ இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. லேப்காரன் ஜைலோசியின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் துடித்தது. அதன்மேல் நெற்றி வியர்த்திருந்தது.

"ஏழாம் படுக்கை எண்களை எழுதினது நீதானே?" என்றார் எலார்ட்.

"மெ... மெஷின் காட்டினதை எழுதினேங்க. வேற ஒண்ணும் தெரியாதுங்க." கதவு மூடிக்கொண்டது. மறுபடி எதையோ இழுத்துத் தள்ளும் சத்தம்.

எலார்டின் நெஞ்சு விரிந்தது. இத்தனை சுலபமான முகத்தை அவர் அந்த வருடத்தில் பார்த்ததில்லை. திருட்டு முழி, வியர்வை, திக்கல், எல்லாம் வரிசையாக இருந்தன. நல்ல பட்டைகளை வெளியே விற்றுவிட்டு மனம் போன எண்ணை எழுதுகிறான். முடிந்தது வழக்கு.

தலைமை நர்ஸிடம் சொல்லப் போகும் வழியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்கிச் சமைக்கும் கொட்டகை. பத்துப் பதினைந்து அடுப்புகள், ன்சிமா என்ற மக்காச்சோளக் களி கிண்டும் பெண்கள், விறகு பிளக்கும் ஆண்கள். துப்பறிவாளர் வந்த செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"யாருங்கய்யா அந்தப் பொண்ணை இப்படிப் பண்ணினது?" என்றாள் ஒருத்தி, கரண்டியை நிறுத்தாமல்.

வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கலாம். பின்னால் பல தடவை எலார்ட் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் நின்றார். தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "அந்த லேப்காரன் முகத்துலயே எல்லாம் எழுதியிருக்கும்மா," என்றார்.

கரண்டிகள் நின்றன.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் விறகு பிளந்தவன். "தினமும் ரத்தம் எடுக்கறானே, எங்க போகுது அத்தனையும்?"

"குடிக்கிறான்."

"விக்கிறான்."

"ரெண்டும்தான்."

எலார்ட் கையை உயர்த்தி ஏதோ விளக்கத் தொடங்குவதற்குள் கொட்டகை பாதி காலியாகிவிட்டது. லேப் பக்கம் முதல் கல் தகரக் கூரையில் விழுந்தது. இரண்டாவது பலகையில். மூன்றாவதும் பலகையை நோக்கித்தான் வந்தது. அதற்குள், என்ன சத்தம் என்று பார்க்க ஜைலோசி பக்கத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டியிருந்தான். கல் அவன் நெற்றியில் பட்டது.

ஃபலேசி வந்தாள். பக்கத்து அடுப்பிலிருந்து உருவிய ன்சிமாக் கரண்டியோடு வந்தாள். அவள் யாரையும் அடிக்கவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவருடைய நோயாளி எந்தப் படுக்கையில் இருக்கிறார், யார் அவர்களுக்கு மருந்து கொடுக்கிறார் என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

உள்ளே பலகைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

மயாமிகோ நனைத்த துணியை ஓட்டை வழியாக உள்ளே நீட்டினாள். "அண்ணே, நெத்தியில வெச்சு அமுக்கிக்கங்க. ரொம்ப வலிக்குதா?"

"போன மழைக்காலத்துலயும் இப்படித்தான்," என்றது பலகை. "ரத்தம் குடிக்கிறவன்னு யாரோ கிளப்பி விட்டாங்க. அதுக்கப்புறம்தான் பலகை அடிச்சேன். யாராச்சும் கதவைத் தட்டினாலே எனக்கு வேர்த்துடும்."

மயாமிகோ எலார்டைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்று அதுதான் முதல் தடவை. எலார்டுக்கு அது கல்லைவிட நன்றாகப் பட்டது. பயந்தவனின் முகத்தையும் குற்றவாளியின் முகத்தையும் ஒரே தையல்காரன்தான் தைக்கிறான் போலிருக்கிறது. இத்தனை வருடம் அளவு எடுத்தும் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைச் சரி செய்வதில் முனைந்தார்.

மயாமிகோவின் கை இன்னும் ஓட்டைக்குள்தான் இருந்தது. உள்ளே பழக்கதோஷத்தில் ஒரு ரப்பர் நாடா அவள் முழங்கைக்கு மேல் சுற்றி இறுகியது.

"எந்தப் படுக்கை?" என்றது பலகை.

மயாமிகோவின் புருவம் உயர்ந்தது. "ஏழு," என்றாள்.

"ஏழா? ஏழு காலையிலயே வந்துட்டுப் போயிடுச்சே."

"எப்படி இருந்துச்சு ஏழு?"

"எப்படின்னா... நல்ல கை. நரம்பு ஒவ்வொண்ணும் கயிறு மாதிரி. மண்வெட்டி பிடிச்ச கை. ஊசி வெச்ச உடனே ரத்தம் வந்துடும். ஏழாம் படுக்கைன்னா எனக்கு நிம்மதி."

எலார்ட் பலகையில் காதை வைத்தார். "ஒரு வாரமா வயித்துல ஒண்ணும் எறங்காத பொம்பளைக்குக் கயிறு மாதிரி நரம்பா?"

உள்ளே முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பொம்பளையா?" என்றான் ஜைலோசி. "ஏழாம் படுக்கை பொம்பளையா? சீட்டுல படுக்கை எண்ணும் டாக்டர் கிறுக்கலும்தானே இருக்கும். நான் பார்க்கறது கை மட்டும்தானேங்க." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "பலகையை அடிச்சிருக்கக் கூடாது நான்," என்றான்.

ரப்பர் நாடா அவிழ்ந்தது. மயாமிகோ கையை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டாள். "எஸ்னாத்தோட வலது கையில ஈ விரட்டினேனே முதலாளி, அதுல ஒரு ஊசிக் குத்துகூட இல்ல. இடது கையில குளுக்கோஸ் போற ஒரு ஓட்டைதான். தினமும் எடுத்த ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"வேற யாரோ கையை நீட்டியிருக்காங்க."

"முகமே இல்லாத ஜன்னல். இங்க உங்களுக்கு உத்தியோகம் இல்ல."

எலார்ட் வாசலைப் பார்த்தார். டிரைவர் வெள்ளை லேண்ட்குரூசரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் கற்கள் கையெட்டும் தூரத்திலேயே கிடந்தன. கறுப்புக் கோட்டைக் கழற்று என்று வார்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த கல் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும். இன்று ஒருவனுக்கு அவர் செய்தது போதும்.

"சாப்பாடு வாங்கிட்டு வா," என்றார். "மெட்சனையும் கூப்பிடு. நர்ஸ் ரூமுக்கு."

"உங்களுக்கு வயித்து வலின்னீங்க?"

"சாப்பிடறதுக்கு இல்ல. கை கழுவறதுக்கு."

ன்சிமாவும் வறுத்த உசிப்பா மீனும் பாயில் வந்து உட்கார்ந்தன. வயதில் சின்னவள் என்பதால் மயாமிகோ குவளையும் தட்டும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். முதலில் எலார்ட். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு நீட்டினார். தண்ணீர் விழுந்தது. கழுவினார். எந்த வீட்டிலும், எந்த விருந்திலும் எல்லோரும் செய்கிறது.

அடுத்தது மெட்சன். அவன் கோட்டுக் கையைச் சுருட்டவில்லை. விரல் நுனியை மட்டும் தட்டுக்கு மேல் நீட்டினான்.

"சுருட்டிக்கங்கண்ணே, நனையப் போகுது," என்றாள் மயாமிகோ.

"பரவாயில்லம்மா. ஊத்து."

அவள் ஊற்றினாள். தாராளமாகவே ஊற்றினாள். தண்ணீர் மணிக்கட்டைத் தாண்டி, ஊர்த் தலைவர் முன்னால் நிற்பதற்காக வைத்திருந்த கோட்டுக்குள் ஓடியது. மெட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியபடியே இருந்தான்.

"இந்த ஊர்ல," என்றார் எலார்ட் மெதுவாக, "நல்ல கோட்டை நனைய விட்டுக் கை கழுவற மனுஷனை நான் பார்த்ததில்ல தம்பி."

மெட்சன் உணவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிறகு தானே கோட்டைக் கழற்றினான். இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரி. அதைச் சுற்றிப் பழைய ஊசிக் குத்துகள் கறுத்திருந்தன.

"முதல் நாள் ஆபரேஷன் ரூமுல அந்தக் குளுக்கோஸ் ஊசி வழியாவே ஒரு பெரிய குழாய் நிறைய எடுத்தாங்க. அவ வெளுத்துப் போய் வெளிய வந்தா," என்றான். "மறுநாள் காலையில மறுபடி கேக்கறாங்க. அதுக்கு மறுநாளும். இருக்கறதே கொஞ்சம். அவ மேல வழக்கு வந்தப்ப நான் போய் நின்னேன். அவளுக்கு அபராதம் போட்டப்ப நான் கட்டினேன். ரத்தம் கேட்டா மட்டும் அவளே குடுக்கணுமா? ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்க நாங்க. ரெண்டும் ஒரே ரத்தம்தானே. நாற்காலியை மாமரத்தடியில நிறுத்திட்டு ஓட்டைக்குள்ள என் கையை விட்டேன்."

மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"ரத்தம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்த நல்லது அவளுக்குப் போய்ச் சேரும்னு நெனச்சேன்." அவன் நனைந்த கோட்டுக் கையைப் பிழிந்தான். "நேத்து அவ பேச்சு நின்னப்பத் தெரிஞ்சுடுச்சுங்க. எங்கயோ தப்புன்னு தெரிஞ்சுடுச்சு. அப்பவும் சொல்லல. சொன்னா ஏமாத்துக்காரன்னு தங்கச்சியையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயம். இன்னிக்கிக் காலையிலயும் என் கையைத்தான் நீட்டினேன்."

கலப்படமே இல்லாத துக்கம் என்று இந்த முகத்தைத்தான் அவர் படித்திருந்தார். பாதிக்குமேல் குற்ற உணர்ச்சி. பெரிய எழுத்தில்தான் இருந்திருக்கிறது.

வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

எலார்ட் எழுவதற்குள் வயிறு அவரைப் பாதியில் மடக்கியது. மயாமிகோ தட்டைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தாள். ஆனால் இருவரையும் முந்திக்கொண்டு ஓடியவன் மெட்சன். கோட்டில்லாமல், வெறுங்காலோடு, கொட்டகையில் அத்தனை பேரும் பார்க்க, நகரத் தொடங்கிய வண்டியின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினான். பிளாஸ்திரிகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன.

"அது என் ரத்தம் டாக்டர்! நீங்க பார்த்ததெல்லாம் என் ரத்தம்! அவளோடது இல்ல!"

வண்டி நின்றது. டாக்டர் கலுவா கண்ணாடியை இறக்கினார். அவருடைய முகத்தைப் படிக்க அந்த நேரத்தில் எந்த நிபுணரும் தேவைப்படவில்லை.

பயணப்பை வண்டியிலேயே கிடந்தது. நெற்றியில் கட்டோடு ஜைலோசி லேப் கதவைத் திறந்து வெளியே வந்தான். கொட்டகை விலகி வழிவிட்டது. விறகு பிளந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டான். ஜைலோசி முதல் தடவையாக ஏழாம் படுக்கையின் முகத்தைப் பார்த்தான். அந்த வழுவழுப்பான வலது கையில் நரம்பு தேடி, கிடைக்காமல், மறுபடி தேடி, கொஞ்சம் ரத்தம் எடுத்தான்.

எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். அது தன் போக்கில் முனகிக்கொண்டிருந்தது. கடைசியில் காட்டியது.

நாற்பத்தாறு.

புள்ளி எதுவும் இல்லை.

டாக்டர் கலுவா போனை எடுத்தார். தான் பிடித்த படங்களை ஒரு நொடி பார்த்தார். அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணுங்க," என்றார். ஃபலேசி ஏற்கெனவே தயார் செய்திருந்தாள்.

தியேட்டர் வாசலில் மெட்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எலார்டை நிமிர்ந்து பார்த்தான். "நீங்க முகம் பார்த்தே சொல்லிடுவீங்களாமே. சொல்லுங்கய்யா. அவ பொழைப்பாளா?"

எலார்டிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆடுகளைப் பற்றித்தான் கேட்பார்கள். "உன் முகத்துல அது இல்ல தம்பி," என்றார். சுவரில் சாய்ந்து வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருடைய காலர் நனைந்திருந்தது.

"எஸ்னாத்துக்கும் முதல்ல அந்தப் பக்கம்தான் வலிச்சுதாம்," என்றாள் மயாமிகோ, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "அவளும் ஏதோ சாப்பாடுன்னுதான் நெனச்சாளாம்."

"துவரை வேற."

"ஆமா. அது வேற."

கதவு திறந்தபோது டாக்டர் கலுவா காலையில் இருந்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். "ஒரு சட்டி சீழ்," என்றார். "கழுவிட்டேன். ஒரு தையல் விட்டுப் போயிருந்துச்சு." கையுறையை உரித்துக்கொண்டே நின்றார். யாரும் கேட்காமலே சொன்னார்: "நான் போட்ட தையல். நாளைக்குக் காலையில ரத்தத்தைக் கேட்டாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

மறுநாள் காலையில் ஃபலேசி தானே எஸ்னாத்தின் படுக்கையருகில் உட்கார்ந்து ரத்தம் எடுத்தாள். மெட்சன் தங்கையின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி நுழைவதைக் கண் மூடாமல் பார்த்தான். நாற்பத்தாறு முப்பத்தொன்றாக இறங்கியிருந்தது. இது போதாது, ஆனால் போகிற திசை சரி என்று டாக்டர் சொன்னார், போனை வெளியே எடுக்காமல். சற்று நேரம் கழித்து எஸ்னாத் கண்ணைத் திறந்து, தன் அன்னாசிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்றதும் அண்ணனைத் திட்டத் தொடங்கினாள். மூச்சு போதாததால் பாதியில் நிறுத்தினாள். திட்டு வாங்கிய அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கொட்டகையில் அப்போதுதான் அடுப்புகள் புகைய ஆரம்பித்திருந்தன. மயாமிகோ சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தாள். அவள் எத்தனை நேரம் காற்றடித்தும் டயர் நிரம்பவில்லை என்பதை எலார்ட் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

லேப் ஜன்னலில் வரிசை இல்லை. பலகையை இன்னும் எடுத்திருக்கவில்லை. கல் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. எலார்ட் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். இரண்டு பக்கமும் பார்த்தார். கையை ஓட்டைக்குள் விட்டார்.

"எந்தப் படுக்கை?" என்றது பலகை.

"படுக்கை இல்ல."

"சீட்டு?"

"சீட்டும் இல்ல. வயித்து வலி. நாலஞ்சு நாளா." குனிந்து ஓட்டையருகே வாயைக் கொண்டு போனார். "எலார்ட் சிசேங்கா," என்றார்.

உள்ளே ஒன்றும் அசையவில்லை. கையை வெளியே இழுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். இழுக்கவில்லை. பிறகு ரப்பர் நாடா அவர் கையைச் சுற்றியது. இறுக்கிக் கட்ட நியாயம் இருந்தும் அது மெதுவாகத்தான் கட்டியது. குளிர்ந்த விரல் ஒன்று நரம்பைத் தட்டித் தேடியது.

"கொஞ்சம் குத்தும்," என்றான் ஜைலோசி.

எலார்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பலகைக்கு இந்தப் பக்கம் தன் முகத்தைப் பார்க்க யாரும் இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.